இடது பக்க வேர்

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்டின் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் எங்கள் போன்சாய் சங்கத்தின் மாதக் கூட்டம் நடந்தது. மூன்றாவது மேசையில், ஆலமர இனத்தைச் சேர்ந்த என் இச்சி மரம் தொட்டியில் இருந்தது.

நீங்கள் சுவரைப் பற்றிக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். ஆனால் விஷயம் மரத்தில்தான் தொடங்குகிறது. தொட்டி மரத்துக்கு விமரிசனம் அவசியம். தினமும் பார்க்கிறவன் கண்ணுக்குக் குறை பழகிவிடும். அதனால் மாதம் ஒருமுறை மரத்தைக் கொண்டுபோய் மற்றவர்கள் முன்னால் வைக்கிறோம். எங்களில் மூத்தவர் டிரேவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மேசையைச் சுற்றிவந்து பேசும்போது மரத்துக்குச் சொந்தக்காரன் வாயைத் திறக்கக் கூடாது என்பது சங்கத்தின் வழக்கம்.

அன்று என் மரத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். "மேல நல்லா கட்டியிருக்கே சந்துரு. கெளையெல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். பிறகு குனிந்தார். "கீழ வா. ரைட்ல வேர் இருக்கு. லெஃப்ட்ல என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. பஸ்ல ஃபுட்போர்டு அடிக்கிறவன் மாதிரி நிக்குது மேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வழக்கத்தை மீறி, தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் குறை தெரியாது என்றேன்.

"போட்டோவுக்கு சைடா நின்னா தொப்ப போயிடுமா?"

மறுபடியும் சிரிப்பு. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி. மரம் நிலத்தைப் பற்றிக்கொண்டு நிற்பதாகத் தெரிய வேண்டும். அடியில் நான்கு பக்கமும் வேர் பரவியிருந்தால்தான் பார்ப்பவனுக்கு அந்த நம்பிக்கை வரும். என் மரத்தில் அது இல்லை. வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த இடது பக்கம் மட்டும்தான் என் கண்ணில் பட்டது.

அந்த மரத்தை நான் ஜீவனஹள்ளியில், ஆண்ட்ரூ சார் வீட்டுச் சுற்றுச்சுவரிலிருந்து எடுத்தேன். பல வருஷத்துக்கு முன்னால். பறவை போட்ட விதை, சுவர் இடுக்கில் பட்டினியில் வளர்ந்து, அடிமரம் தடித்து, இலை சிறுத்து நின்றது. காசு கொடுத்து வாங்க முடியாத பொருள். வலது பக்க வேர்கள் லேசாக வந்தன. இடது பக்க வேர்கள் கல்லுக்குள் ஆழமாகப் போயிருந்தன. அவற்றை அறுத்து அங்கேயே விட்டுவிட்டேன். குறை வந்தது அப்படித்தான்.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. அடிமரத்தில் பட்டையைக் கீறி, வேருள்ள துண்டு ஒன்றை வைத்து இறுக்கிக் கட்டினால் காலப்போக்கில் இரண்டும் சேர்ந்துவிடும். ஆனால் வேறு இச்சியின் வேர் என்றால் பட்டையின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அதே மரத்தின் வேர் என்றால் தழும்பே தெரியாது. நான் சுவரில் விட்டுவந்த வேர் மறுபடி துளிர்த்து, சுவர்மேல் பச்சையாக நின்றுகொண்டிருந்தது.

பிப்ரவரியில் ஆண்ட்ரூ சாரிடம் போய்க் கேட்டேன். "எடுத்துட்டுப் போங்க சார். அந்தச் சனியன் செவுத்தத் தின்னுது" என்றார். ஆக, நான் திருட்டுத்தனமாக எடுத்தேன் என்று, அங்கே துணி தேய்க்கும் சரசுவின் மகள் வீணா உங்களிடம் சொன்னது தவறு. மற்றபடி அந்தப் பெண் சொன்னதெல்லாம் சரி.

சரசுவின் இஸ்திரி வண்டி அந்தச் சுவரை ஒட்டித்தான் நின்றது. சுவரில் அடித்த ஆணியிலும் எதிரே நட்ட கம்பிலும் தார்ப்பாய் கட்டியிருந்தாள். நான் உளியும் கடப்பாரையுமாக வேலை செய்தபோது அவள் துணி தேய்த்தபடியே வேடிக்கை பார்த்தாள்.

"என்ன சார், பல்லு புடுங்குற டாக்டர் மாதிரி ஆட்டி ஆட்டி எடுக்குறீங்க? அதுக்கு வலிக்காதா?"

வலிக்காது என்றேன்.

"எனுக்கும் ஒண்ணு குடுங்க சார், வண்டி மேல வெச்சிக்கிறேன். வளராத செடின்னா நல்லதுதானே. எங்க வீட்ல எல்லாம் வளந்துனே போதுங்க, துணி பத்தமாட்டேங்குது."

கலகலப்பானவள். எனக்கு அவள்மேல் எந்த வருத்தமும் கிடையாது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேர் முழங்கை நீளம் வந்தது. எடுத்த இடத்தில் மண் குழைத்து அடைத்து, மேலே சிமெண்ட் பூசினேன். மரத்தில் கட்டிய ஒட்டு பிடித்துக்கொண்டது. ஏப்ரல் கூட்டத்தில் டிரேவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இப்ப மரம் ஆயிடுச்சு மேன். முன்பக்கமா இன்னும் ஒண்ணு வந்துட்டா, வருஷாந்திர ஷோவுல உனக்கு எதிரா எவன் நிப்பான்?" என்றார். அவர் யாரையும் அப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை.

இன்னொரு வேர் இருந்தது. அது எது என்று எனக்குத் தெரியும்.

அதற்குள் சரசு வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "மண்ணு கொட்டுது சார். நர்சிங் புள்ளைங்களோட வெள்ளக் கோட்டு எல்லாம் செவப்பாயிடுது. தோய்ச்சி மறுபடி தேய்க்கணும், யாரால ஆவும்?" என்றாள். எதிர்ப்பக்கம் நிழல் கிடையாது. ஏப்ரல் வெயிலில், கரிப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தலையில் ஈரத்துண்டு போட்டு நின்றாள்.

ஆண்ட்ரூ சாரும் அதைக் கவனித்தார். நான் போனபோது கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சரசு ஏன் அந்தாண்ட போயிட்டா? செவுத்துல ஏதாச்சும் கோளாறா? நீங்கதான் இன்ஜினியர், சொல்லுங்க. மேஸ்திரியக் கூப்பிட்டு இடிச்சுக் கட்டிரட்டுமா?"

நான் கட்டட இன்ஜினியர் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய கட்டடம் நிற்குமா, இடிக்க வேண்டுமா என்று சொல்வதுதான் என் பிழைப்பு. சுவர் விழுந்த மறுநாள் உங்கள் ஆட்களே என்னிடம் வந்து காரணம் கேட்டார்கள். சுவருக்கு வயதாகிவிட்டது என்றேன். அது பொய் இல்லை.

ஆண்ட்ரூ சாரிடம், இப்போது இடிக்க அவசியமில்லை என்றேன். அவரை நீங்கள் இரண்டு நாளாக அந்த பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். விட்டுவிடலாம். அவர் கேட்க வேண்டியவனிடம் கேட்டார். பதில் சொன்னவன் நான்.

நடுவில் ஒரு வேண்டுகோள். என் மரத்தைச் சாட்சிப் பொருள் என்று ஸ்டேஷன் வாசலில் வெயிலில் வைத்திருக்கிறீர்கள். இரண்டாவது ஒட்டு இன்னும் சேரவில்லை. தயவுசெய்து நிழலில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நான் இவ்வளவு விவரமாகப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுவரைப் பற்றிச் சொல்கிறேன். அது கல்லையும் மண் சாந்தையும் வைத்து எழுப்பியது. வேர் சுவரைப் பிளந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆரம்பத்தில் பிளக்கும், உண்மைதான். ஆனால் வருஷங்கள் போகப் போக, சாந்து கரைந்த இடத்திலெல்லாம் வேர் நிறைந்து, கற்களைக் கூடை பின்னியதுபோல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சுவரை நிறுத்துவது வேர்தான். பிப்ரவரியில் முதல் வேரை இழுத்தபோதே கற்கள் அசைந்தன. இரண்டாவது வேர் சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடியது.

மேஸ்திரி வந்தால் சுவரை இடிப்பான். வேரைக் கல்லோடு சேர்த்து நொறுக்கி லாரியில் ஏற்றிவிடுவான். ஒரு மழை பெய்து மரத்தில் பால் ஏறினால்தான் வேரை எடுக்க முடியும். அதுவரை யாரும் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. எதிர்ப்பக்கம் வெயிலில் நிற்கும் வண்டி, போகிற வருகிறவர்களையெல்லாம் ஏன் என்று கேட்க வைத்தது. வண்டி பழைய இடத்துக்கு வந்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

எனவே சரசுவிடம் போனேன். மண் கொட்டுவதை நிறுத்திவிட்டேன், புதிதாகப் பூசியிருக்கிறேன், வெயிலில் நிற்க வேண்டாம் என்றேன்.

"நெஜமா சார்? மேல வுழாதே?"

"நான் இன்ஜினியர் சொல்றேன்."

"அப்புறம் என்ன. சாமி மாதிரி வந்து சொன்னீங்க. மண்ட வெடிச்சிரும் போல இருந்திச்சு சார்."

அன்றே வண்டியைக் கொண்டுவந்துவிட்டாள். மே மாதத்தில்தான் முதல் மழை பெய்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனேன். அவளை ஒரு மணி நேரம் வண்டியை நகர்த்தி வைத்துக்கொள்ளச் சொன்னேன். நீளமான வேர் முழுசாக வராது என்பதால் இரண்டு பக்கமும் அறுத்து, எனக்கு வேண்டிய நடுப்பகுதியை மட்டும் உருவினேன். அருமையான வேர், முன்பக்கத்துக்கென்றே வளர்ந்ததுபோல் வளைவு. அது வெளியே வந்ததும் சுவர் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. தெருவில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கு அந்தச் சத்தம் பழக்கம். இடிக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த கட்டடங்களில் கேட்டிருக்கிறேன். அடுத்த பெருமழையைத் தாங்காது என்று தெரிந்தது.

வேரை ஈரச் சாக்கில் சுற்றினேன். அது காய்வதற்குள் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

"ஆச்சா சார்? இனிமே போட்டுக்கலாமா?" என்றாள் சரசு. மகளும் அவளுமாக வண்டியில் கைவைத்துத் தயாராக நின்றார்கள்.

போட்டுக்கொள்ளலாம் என்றேன். இருவரும் வண்டியைத் தள்ளிவந்து சுவரை ஒட்டி நிறுத்தினார்கள். அங்கே தரை கொஞ்சம் சரிவு. சக்கரம் உருளாமல் இருக்க நான் ஒரு கல்லை எடுத்து அடியில் வைத்தேன். அது சுவரிலிருந்து அப்போதுதான் கழன்று விழுந்த கல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. வீணா டியூஷனுக்குப் போயிருந்தாள். சரசு துணிகளை நனையாமல் மூடிவிட்டுத் தார்ப்பாய்க்குக் கீழே நின்றாள். ஆறு மணிக்குமேல் சுவர் விழுந்தது.