மிசஸ் லுண்ட்கிரென்னின் கடிதங்கள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூட நாளிலிருந்தே எல்லோரும் சொல்வார்கள். அந்த ஒரு தகுதியைப் பார்த்துத்தான் வான்ஸ் ஹாலிடன் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் அவரிடம் இருந்தேன்.

உங்களுக்கு அவர் பெயர் தெரியவில்லை, ஆபீசர் சலாசர். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. நான்கு படங்களில் கப்பல் தலைவனாக வந்தார். பிறகு தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஆறு வருடம் ஷெரீஃப். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பது ஹாலிவுட் முழுக்கத் தெரியும், அவர் ஒருவரைத் தவிர.

நட்சத்திரங்கள் தங்கள் படத்தில் தாங்களே கையெழுத்துப் போடுகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கென்று எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். அவர் கொடிகட்டிப் பறந்தபோது மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வாரத்துக்கு நானூறு படங்களில் 'அன்புடன், வான்ஸ்' என்று எழுதினோம். கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். ஒரு தடவை அவரே போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இது உங்களுடையது இல்லை என்று வங்கி காசோலையைத் திருப்பி அனுப்பியது. அதை அவர் நகைச்சுவை என்று நினைத்து விருந்துகளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரைப் பிடிக்காமல் போனது ஒரே நாளில் நடந்ததல்ல. சூப்பர் மார்க்கெட்டுக்குக் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் வருவார், கூட்டம் கூடிவிடுமாம். பத்து நிமிடம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் தொப்பி போகும். இன்னும் ஐந்து நிமிடத்தில் கண்ணாடி போகும். அதற்கும் மசியவில்லை என்றால் தக்காளி சாஸ் பாட்டில் ஒன்றைத் தரையில் நழுவவிட்டு, அந்தக் கப்பல் தலைவன் குரலில் "மன்னிக்கணும்" என்பார். கடைக்காரப் பெண் துடைப்பத்தோடு வந்து துடைத்துவிட்டுப் போவாள். காருக்குள் ஏறியதும், "பாத்தியா வேரா, பொண்ணுக்குக் கை நடுங்கிச்சு" என்பார். என் பெயர் வெர்னா. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர்.

கடிதங்கள் மூட்டையாக வந்தது போய், கட்டாக வந்தது போய், ஒரு வாரம் எதுவுமே வரவில்லை. அவர் சாப்பிடாமல் மாடியில் படுத்துவிட்டார். அவருடைய ஏஜென்ட் சிட் ப்ராகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாலு லெட்டர் நீயே எழுதிப் போடு வெர்னா."

"பொய்தானே சார்?"

"அந்த ஆளோட தலைமுடியே பொய்தான். அதை ஒட்டி விடுறவளுக்கு மனசாட்சி உறுத்துதா என்ன? எழுது."

எழுதினேன். நெப்ராஸ்காவில் ஒரு விதவை, மிசஸ் ஐடா லுண்ட்கிரென். பன்றிப் பண்ணை, முட்டிவலி, கணவனை விட வான்ஸ் மேல் அதிகப் பிரியம். மாட்டிக்கொள்வேனோ என்ற பயமே எனக்கு இல்லை. காலையில் அவர் பாதி கிரேப்ஃப்ரூட் பழத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். உறையைப் பிரிப்பது நான், படிப்பது நான். ரசிகையின் கடிதத்தைத் தன் கையால் தொடுவது நட்சத்திரத்துக்கு அழகில்லை என்பது அவர் கொள்கை. ஏழு வருடம் அந்தப் பெண்மணி வாரம் தவறாமல் எழுதினாள்.

என் கணவர் ஹோமர் இறந்தபோது மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். நான்காம் நாள் போனேன். வான்ஸ் என்னைக் கட்டிப்பிடித்து, முதுகில் தட்டி, ஒரு உறையைக் கொடுத்தார்.

"வீட்டுல போய்ப் பிரிச்சுப் பாரு. கஷ்டமான நேரத்துல இது உனக்குத் துணையா இருக்கும்."

உள்ளே அவருடைய புகைப்படம். 'அன்புடன், வான்ஸ்.' முந்தின வாரம் நான் போட்டு அடுக்கி வைத்த கையெழுத்து. நான் அழவில்லை. சிரிப்புதான் வந்தது, அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்த மனிதரை முழுமையாக வெறுத்தேன்.

போன வருடம் அவருக்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்தது. காலை ஒரு மாத்திரை, இரவு ஒரு மாத்திரை. ஒரு வேளை தவறினாலும் ஆபத்து என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார், கேட்டுக்கொள்ளக்கூடிய ஆள் அந்த வீட்டில் நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மாத்திரைக்குக் கிரேப்ஃப்ரூட் ஆகாது என்றார், ஆரஞ்சுக்கு மாற்றினேன். ஆறு மாதம் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. எழுதும்போது அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு சின்னப் படத்தில் தாத்தா வேடம் வந்தது. நல்ல வேடம். நான் படித்துப் பார்த்தேன். வான்ஸ் கதையைத் தரையில் வீசினார்.

"தாத்தாவா? பொண்ணைப் பெத்தவனா நடிக்கவே எனக்கு வயசு பத்தாது."

அவருக்கு அப்போது எழுபத்திரண்டு. இவ்வளவு பெரிய பொய்யில் ஒரு மனிதரை இன்னும் எத்தனை நாள் வைத்திருப்பது என்று எனக்குத் தோன்றியது. அந்த வியாழக்கிழமை மிசஸ் லுண்ட்கிரென் எழுதினாள்: உங்கள் பேட்டியைப் பார்த்தேன், கண்ணில் பழைய ஒளி இல்லையே, என் கணவருக்கு இதய மாத்திரை ஆரம்பித்த பிறகு இதே போல மந்தமான கண் வந்தது, ஆனால் எங்கள் வான்ஸுக்கு மாத்திரையெல்லாம் எதற்கு என்று தோழிகளிடம் அடித்துச் சொல்லிவிட்டேன்.

"அந்தக் கண் விஷயம்... மறுபடி படி" என்றார்.

படித்தேன். கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். மறுநாள் ஆரஞ்சுத் தோலுக்கு அடியில் மாத்திரை கிடந்தது. தட்டை எடுத்துப்போய்க் கழுவினேன். டாக்டர் தொலைபேசியில் கேட்டபோது ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்றேன். பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வெளியூர்ப் படப்பிடிப்பு இருக்கிறது, வர இயலாது என்று பதில் எழுதி, அவர் கையெழுத்தைப் போட்டேன்.

அவர் மூச்சுவாங்க ஆரம்பித்தார். படியில் பாதியில் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் தன் படத்தை ரசிப்பதுபோல் பாவனை செய்வார். எனக்குப் புரியாதாம். அடுத்த கடிதத்தில் மிசஸ் லுண்ட்கிரென், கப்பல் பாய்மரத்தில் சட்டையில்லாமல் ஏறினீர்களே, அதே தோற்றத்தில் இன்றைய படம் ஒன்று வேண்டும், பந்தயம் கட்டியிருக்கிறோம் என்று கேட்டாள். அவர் பரணிலிருந்து உடற்பயிற்சிக்கான பழைய இரும்பு எடைகளை இறக்கச் சொன்னார். இறக்க ஆள் வரவழைத்தேன்.

மாத்திரையை நிறுத்திய பதினெட்டாம் நாள், காலை பதினொரு மணி, நீச்சல் குளத்தருகே சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். கீழே கிடந்தார். உதடு நீலமாக இருந்தது. என் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வேரா... மிசஸ் லுண்ட்கிரெனுக்கு இது தெரிய வேணாம். பாவம், தாங்க மாட்டா."

"சொல்ல மாட்டேன் சார்" என்றேன்.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தொலைபேசி பன்னிரண்டு அடி தூரத்தில்தான் இருந்தது. கை தளர்ந்த பிறகும் நாற்பது நிமிடம் காத்திருந்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பார்த்த மருத்துவர், வயதுக்கு மீறி எடை தூக்கியிருக்கிறார் என்று எழுதிவிட்டுப் போனார். அவரைக் கொன்றது நான் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அந்த வார்த்தையில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

யாரும் சந்தேகப்படாதபோது ஏன் நீங்களாகவே காவல் நிலையத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மனசாட்சி என்று போடாதீர்கள், அது இல்லை. அவர் சாவுக்குப் பத்திரிகையில் ஆறு வரி. சவப்பெட்டிக்குப் பின்னால் நான், சிட், முடி ஒட்டுகிற பெண். ஒருவராவது என்னிடம் எதுவும் கேட்டிருக்க வேண்டாமா? நெப்ராஸ்காவில் ஒரு பண்ணையையும் ஏழு வருடத்துக்கு ஒரு பெண்ணையும் நான் உண்டாக்கினேன். ஒரு மனிதரை வெறும் தபால்தலையால் முடித்தேன். இந்த ஊரில் இவ்வளவு சுத்தமான வேலையை வேறு யார் செய்திருக்கிறார்கள், சொல்லுங்கள். இது பெயருக்கு ஆசைப்பட்டு அல்ல. அந்த வியாதி அவருக்கு இருந்தது, எனக்குக் கிடையாது. நடந்தது நடந்தபடி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

காலையிலேயே மூன்று பத்திரிகைகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வாசலில் நிருபர்கள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "யாரும் வரலையே மேடம்" என்கிறீர்கள். நீங்கள் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். பின்வாசலிலும் ஒரு தடவை பாருங்கள், நான் அதற்குள் தலையைச் சீவிக்கொள்கிறேன்.