விடியல்காரியின் ஐந்து நட்சத்திரம்

ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறவர்கள் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு நட்சத்திரம் கொடுக்கிறவர்கள்தான் முழ நீளத்துக்கு எழுதுவார்கள். நம்முடைய புத்தக விற்பனைத் தளத்தில் ஒன்பது வருடமாக வாசகர் கருத்துகளைப் படித்து, எதை வெளியிடுவது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்கிறவன் நான். அதனால் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

நிர்வாகத்திலிருந்து நீங்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டது ஒரே கேள்விக்காக. 'விடியல்காரி' என்ற பெயரில் எழுதியது யார்? நான்தான். ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றீர்கள். போதாது ஐயா. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அந்த மஞ்சள் அட்டைப் புத்தகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நல்லதையே நினைத்தால் நல்லதே நடக்கும் என்று இருநூறு பக்கத்துக்குச் சொல்கிற புத்தகம். 'என் வாழ்க்கையே மாறிவிட்டது' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'நாற்பது பக்கம் படித்தேன், என் மாமியார் மாறவில்லை' என்று இன்னொருவர். 'அட்டை மடங்கி வந்தது' என்று சொல்லி ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். ஒன்றையும் விடாமல் வெளியிட்டேன். அந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்கென்று ஓர் அபிப்பிராயமும் கிடையாது.

என் மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களிடமெல்லாம், "ஒண்ணும் வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்பாள். வீட்டுக்கு வந்து, "நான் சொல்ற பொய்யிலதான் பாதிப் பேரு பல்லைப் பிடுங்கிக்கிறாங்க" என்று சிரிப்பாள். அவள் சிரிப்பு சத்தமாக இருக்கும். அடுத்த வீட்டுக்காரர்கூடக் கேட்டிருக்கிறார், என்ன விசேஷம் என்று.

அவள் மார்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி வந்தது. பரிசோதனை எல்லாம் முடிந்து டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: "சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்கம்மா. எடுத்துட்டா பிழைச்சுக்கலாம். தள்ளிப் போட மட்டும் கூடாது." மூன்று வாரத்தில் ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழ ஆரம்பித்தாள். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு. எனக்குக் கேட்கும். அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியாது. என் சுபாவம் அப்படி.

கூட வேலை செய்கிற பெண் யாரோ அந்த மஞ்சள் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறாள். என் மனைவி நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்காமல் ஒரு சீப்புக்கூட வாங்கமாட்டாள். நம் தளத்தில்தான் தேடினாள். தையல்காரர் ஒருவர் எழுதியது கண்ணில் பட்டுவிட்டது. 'என் தங்கை இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தினாள். புத்தகம் இருக்கிறது. தங்கை இல்லை.'

"இது நெஜமாங்க?" என்று கேட்டாள்.

"எவனோ வேலையில்லாதவன் எழுதியிருப்பான்."

"உங்க சைட்ல பொய் வராதே. நீங்கதான் பிடிச்சிடுவீங்களே."

மறுநாள் அலுவலகம் போனதும் தையல்காரரின் கருத்தை நீக்கினேன். அது தனியாகத் தெரியக்கூடாது என்று இன்னும் பதின்மூன்றை நீக்கினேன். பிறகு விடியல்காரியை எழுதினேன்.

அவளுக்கும் அதே இடத்தில் கட்டி. அவளுக்கும் தேதி கொடுத்திருந்தார்கள். புத்தகத்தைப் படித்தாள், பயத்தை விட்டாள், கட்டி கரைந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து பிழைத்தாள் என்றே எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அப்படி எழுதினால் பெருமை டாக்டருக்குப் போய்விடும், புத்தகத்துக்கு ஐந்து நட்சத்திரம் ஏன் என்று படிக்கிறவர்கள் யோசிப்பார்கள். இது என் தொழில் ஐயா, எது எடுபடும் என்று எனக்குத் தெரியும். தேதி வரைக்கும் அவள் தைரியமாக இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அவள் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

தேதிக்கு முந்தின நாள், காலை பதினொன்றே முக்காலுக்கு, விடியல்காரியின் கருத்துக்குக் கீழே ஒரு கேள்வி வந்தது. எல்லாக் கேள்வியும் முதலில் என் திரைக்குத்தான் வரும். 'அக்கா, நீங்க ஆபரேஷன் பண்ணிக்கவே இல்லையா? எனக்கு நாளைக்குத் தேதி. போகட்டுமா? ஒரு வார்த்தை சொல்லுங்க.'

கேட்டது என் மனைவி. அவளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போன் மேஜைமேல்தான் இருந்தது.

பொய்க் கருத்து எழுதுகிறவர்களை நான் பிடிப்பது எப்படி என்று அவளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். முதலில் ஒன்று சொல்வார்கள், பிறகு வேறு ஒன்று சொல்வார்கள், மாட்டிக்கொள்வார்கள். விடியல்காரி இப்போது பேச்சை மாற்றினால் அவளுக்குச் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கும். பதினொரு வருடமாகப் பொய்யே சொல்லாதவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள் ஐயா. அந்தப் பார்வை மாறிவிடக்கூடாது என்று நினைத்தேன்.

'இல்லை தங்கச்சி. நான் போகவே இல்லை' என்று பதில் எழுதினேன்.

அவளும் போகவில்லை. "மனசுக்கு வேண்டாம்னு படுதுங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் எங்கள் வீடு நிம்மதியாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கல்யாணமானதிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்ததில்லை. நடுவில் ஒரு முறை விடியல்காரிக்கு எழுதினாள்: 'தோள்பட்டை வரைக்கும் வலி வருது அக்கா. பயமா இருக்கு. வீட்டுக்காரர்கிட்ட சொல்ல முடியல. நான் சிரிக்கிறதைப் பார்த்துத்தான் அவர் சாப்பிடுறார்.' அதைப் படித்துவிட்டு அலுவலகக் கழிப்பறைக்குப் போய் அழுதேன். திரும்பி வந்து, 'பயத்துக்கு இடம் கொடுக்காதே தங்கச்சி' என்று எழுதினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். சிரித்தாள். சாப்பிட்டேன்.

ஒரு நாள் வேலை செய்கிற இடத்திலேயே மயங்கி விழுந்தாள். டாக்டரம்மா புது ஸ்கேன் படங்களைப் பழைய படங்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு, "ஏம்மா இவ்வளவு நாள் வரல?" என்றார்.

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் என் பயம்தான் டாக்டர். இவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்" என்றாள்.

எதை எடுத்துச் சொன்னேன் நான்? எனக்காக அவள் சொன்ன அந்தப் பொய்யை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

அவள் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. விடியல்காரியின் கருத்து இன்னும் தளத்தில் இருக்கிறது. அவளிடம் கேள்வி கேட்டு இன்னும் ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். நலமாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். திடீரென்று பதில் வராமல் போனால் அவர்கள் பயந்துவிடுவார்கள் இல்லையா?

என் மனைவியைக் கொன்றது நான்தான். கட்டி என்று எழுதாதீர்கள், புத்தகம் என்றும் எழுதாதீர்கள். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும். கடைசி வாரம் படுக்கையில் இருந்தபடியே அவள் அந்தப் புத்தகத்துக்குக் கருத்து எழுதி அனுப்பியிருந்தாள். வழக்கம்போல என் திரைக்குத்தான் வந்தது. நான்கு நட்சத்திரம் போட்டிருந்தாள். 'நல்ல புத்தகம். எனக்குப் பலிக்கவில்லை. நடுவில் நான் இரண்டு முறை பயந்துவிட்டேன். விடியல்காரி அக்காவுக்கு இருக்கிற மனசு எனக்கு இல்லை. குறைத்த ஒரு நட்சத்திரம் என்னுடையது, புத்தகத்தினுடையது அல்ல.'

அதை நான் வெளியிடவில்லை. பணியாளர்களின் குடும்பத்தார் எழுதும் கருத்து தளத்தில் வரக்கூடாது என்று நம் நிறுவனத்தில் ஒரு விதி இருக்கிறது. நேர்மை என்று ஒன்று வேண்டாமா ஐயா?