தெருமுனையிலேயே கேட்க வேண்டும்

பிக்கப் வண்டி வாங்குகிறவர்கள் முதலில் டயரை மாற்றுவார்கள், அடுத்தது சத்தத்தை. கம்பெனி கொடுக்கும் சைலன்சர் யாருக்கும் பிடிப்பதில்லை. அதை மாற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. விவரமாகச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

என் மருமகனின் வண்டிக்கு எதைப் போடலாம் என்று யோசித்த அளவுக்கு நான் வேறு யாருக்கும் யோசித்ததில்லை. அவர் கேட்கவேயில்லை. நானாகத்தான் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, செலவு என்னோடது. ஒரு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க" என்றேன்.

அதற்கு முந்தின வாரம் என் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்திருந்தாள். கொளுத்தும் வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். அவள் குனிந்து, "அப்பா, நான் இங்கேயே இருந்துடறேனே" என்றாள். கையில் பாதி கழன்ற குழாய் இருந்ததால் நான் வெளியே வரவில்லை. அவள் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒன்று சொன்னாள்:

"அவர் வண்டி வர்றதே தெரியலப்பா. கதவைத் திறந்தாதான் தெரியுது. பிள்ளையைக்கூட நகர்த்த முடியல."

அவள் சொன்னவற்றில் என்னால் சரிசெய்யக்கூடியது அந்த ஒன்றுதான். எஞ்சினை இறக்குவதற்கு முன், சின்ன மாற்றத்தில் சரியாகுமா என்று பார்ப்பது என் வழக்கம். "பாத்துக்கலாம்மா, நீ வீட்டுக்குப் போ" என்றேன்.

முதலில் போட்டது அகலமான நேர்க்குழாய். சத்தம் பிரமாதம். ஆனால் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது வண்டிக்குள் ஒரு ரீங்காரம் விடாமல் கேட்கும், ஓட்டுகிறவருக்குத் தலை வலிக்கும். மருமகன் தலைவலியோடு வீட்டுக்குப் போனார். அந்த வாரம் மகள் போனில் பேசியபோது வார்த்தைகள் ஒரு பக்கமாக வந்தன, உதடு வீங்கியவர்கள் பேசுவதுபோல. அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். உடனே அதைக் கழற்றிவிட்டு, ரீங்காரத்தை மட்டும் விழுங்கும் சைலன்சர் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். உள்ளே இருப்பவருக்கு இதமாகவும் தெருவில் இருப்பவருக்குக் கனமாகவும் கேட்க வேண்டும். அப்படி அமைவது கஷ்டம்.

பிறகு காற்று உறிஞ்சும் பக்கம். கம்பெனி ஃபில்டர் டப்பாவுக்குள் மூடிக் கிடக்கும். டப்பாவை எடுத்துவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் வைத்தேன். அது எஞ்சின் சூட்டையே இழுக்கும் என்பதால் ஒரு தகட்டை வளைத்துத் தடுப்பும் கொடுத்தேன். ஆக்சிலரேட்டரைப் பதமாக மிதித்தால் இதில் லேசான சீறல்தான் வரும். எட்டி உதைப்பதுபோல மிதித்துவிட்டுச் சட்டென்று காலை எடுத்தால் டர்போ பெருமூச்சு விடும். ஆள் வருகிறார் என்பதைப் பின்னால் உள்ள குழாய் சொல்லும். எந்த மனநிலையில் வருகிறார் என்பதை முன்னால் உள்ள ஃபில்டர் சொல்லும்.

மகளைக் கூப்பிட்டுப் பழக்கினேன். "தெருமுனையில சத்தம் கேட்டா கையில இருக்கறதைப் போட்டுட்டு எழுந்துக்கோ. பெருமூச்சு கேட்டா பிள்ளையைப் பக்கத்து வீட்ல விட்டுடு."

"அப்புறம் நான்பா?" என்றாள்.

ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார்.

மருமகனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "சிக்னல்ல நின்னா பக்கத்து வண்டிக்காரன் கண்ணாடியை ஏத்திக்கிறான் மாமா" என்று சிரித்தார். அவர்களுடைய பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்தபோது, "உங்க மருமகன் வர்றாரா, விமானம் இறங்குதான்னே தெரியல. குழந்தை மட்டும் கரெக்டா எங்க வீட்டுக்கு வந்து நிக்குது" என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது. மழைக்காலம் முழுக்க நன்றாகவே ஓடியது. மகளுக்கு அடி விழாமல் இல்லை. குழந்தைமேல் ஒரு கீறல் கிடையாது. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் மருமகன் பட்டறைக்கு வந்தார்.

"பழசையே மாட்டிடுங்க மாமா. சைலன்சர், ஃபில்டர் டப்பா, எல்லாம்."

"ஏன் மாப்பிள்ளை, போலீஸ் பிடிச்சாங்களா?"

"அதெல்லாம் இல்ல." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நேத்து வண்டியை ரெண்டு தெரு தள்ளி விட்டுட்டு நடந்து போனேன். ஜன்னல்ல பார்த்தா, உங்க பொண்ணு பையில துணி அடுக்கிட்டிருந்தா. நான் உள்ள போகல. திரும்பி வந்து வண்டியை எடுத்துட்டு மறுபடி போனேன். பை காணோம், பிள்ளை காணோம், மேஜையில சாப்பாடு சூடா இருக்கு." என்னைப் பார்த்துச் சிரித்தார். "கில்லாடி மாமா நீங்க."

நான் ஸ்பேனரைத் துடைத்தேன்.

"அவகிட்ட சொல்ல வேண்டாம், என்ன?"

நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் அல்ல. பழைய பாகங்கள் துணி சுற்றி மேல் தட்டில் இருந்தன. எடுத்து மாட்டினேன். தொய்ந்துபோன ரப்பர்களை மாற்றினேன். இணைப்புகளில் புகை கசியாதபடி புது வளையம் வைத்து முறுக்கினேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரு சுற்றுப் போய்வரச் சொல்லிவிட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். காதால் மட்டும் சோதிப்பதற்கு அதுதான் வழி. பம்பர் என் முழங்காலின் பின்புறத்தைத் தொட்டபோதுதான் அவர் வந்துவிட்டார் என்று தெரிந்தது.

அவர் வீட்டுக்கு ஊரைக் கடந்து போக வேண்டும், அந்த நேரத்தில் நெரிசல் வேறு. போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கிறீர்கள். எடுத்தேன். அவள் எண்ணையும் தொடப் போனேன். விஷயத்தைச் சொல்வது கஷ்டமில்லை. ஆனால் கேட்டுவிட்டு, "அப்ப நான் அங்க வந்துடட்டுமாப்பா?" என்பாள். அதற்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். கையெல்லாம் கிரீஸாக இருந்தது. போனை வைத்துவிட்டுக் கை கழுவினேன். பிறகு அடுத்த வண்டியை ஜாக்கியில் தூக்கினேன்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம். குழந்தை கட்டிலுக்கு அடியில் இருந்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அது எனக்கு வருத்தம்தான்.

அவள் கழுத்தை நெரித்தது அவர் கை. அதை அவரே ஒத்துக்கொண்டுவிட்டார். எதற்காகச் சத்தத்தை எடுக்கச் சொல்கிறார் என்று தெரிந்துதான் நான் எடுத்துக்கொடுத்தேன். அதை மறுக்கவில்லை. ஒரு இணைப்பையாவது தளர்வாக விட்டிருக்கலாமே, அவளுக்குக் கேட்டிருக்குமே என்றீர்கள். அப்படி அரைகுறையாக வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை. வண்டி உங்கள் ஸ்டேஷன் வளாகத்தில்தான் நிற்கிறது. ஸ்டார்ட் செய்து பாருங்கள். பக்கத்தில் நின்றாலும் கேட்காது.