ஏழு எண்ணுவதற்குள்

இப்போதெல்லாம் யாரும் ஒரு சாமானைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதில்லை. போனில் படம் பார்க்கிறார்கள், விரலால் ஒரு தட்டு, வீட்டுக்கு வந்துவிடுகிறது. வந்தபிறகு மூடி திறக்கவில்லை, பிடி வழுக்குகிறது என்று கத்துகிறார்கள். அப்படிக் கத்துகிற ஜனத்துக்குத்தான் நான் நாற்பத்தோரு வருஷம் டப்பா செய்து கொடுத்தேன். கேட்டீர்கள், சொல்கிறேன். குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஏழாவதுவரைதான் படித்தேன். பிளாஸ்டிக் டப்பா போடுகிற கம்பெனியில் அச்சு வெட்டுகிற வேலை. படித்தவர்கள் பேப்பரில் போட்டுக் கொடுப்பார்கள், நான் இரும்பில் வெட்டுவேன். பேப்பரில் இருக்கிற தப்பு என் தலையில்தான் விடியும். அதனால் பேப்பரை நான் நம்புவதில்லை. மனிதர்களையும் அவ்வளவாக நம்புவதில்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் காப்பித்தூள் விற்கிற ஒரு பெரிய இடத்திலிருந்து டப்பா கேட்டார்கள். கைவலு இல்லாதவர்களும் சுலபமாகப் பிடித்துத் திறக்க வேண்டும். காற்றும் புகக்கூடாது, புகுந்தால் தூளின் மணம் போய்விடும். இறுக்கமாகவும் மூட வேண்டும், லேசாகவும் திறக்க வேண்டும். கேட்கிறவனுக்கு என்ன, கேட்டுவிட்டான்.

டிசைன் போடுகிற அம்மாள் கம்ப்யூட்டரில் டப்பாவின் நடுவை ஒடுக்கி இடுப்பு வைத்து, விரல் பதிய நாலு பள்ளம் வைத்து அழகாகப் போட்டிருந்தாள். மூடியைத் திருக எவ்வளவு பலம் வேண்டும் என்று நம்பர் காட்டுகிற மெஷின் ஒன்றும் வைத்திருந்தாள்.

"பெரியவரே, மெஷின் பொய் சொல்லாது" என்றாள்.

"சொல்லாதும்மா. அதுக்கு வலிக்காது பாரு" என்றேன்.

சாம்பிளை வீட்டுக்கு எடுத்துப்போய் என் பெண்சாதியிடம் கொடுத்தேன். அவளுக்கு மூட்டுவாதம். காலையில் விரல் கணுவெல்லாம் வீங்கி நிற்கும், மடக்க வராது. மாத்திரை அட்டையை அழுத்தி ஒரு மாத்திரையை வெளியே எடுக்கக்கூட முடியாது. நான்தான் பிரித்துக் கொடுப்பேன். அந்த டப்பாவை அவள் கால் மணி நேரம் வைத்துக்கொண்டு திண்டாடினாள். மறுநாள் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர், "அப்ப நீங்களே செய்யுங்க பெரியவரே" என்றார்.

மரத்தில் கடைந்து மாற்றி மாற்றிக் கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அவள் திறந்து பார்ப்பாள். "உங்க முதலாளிய எனக்கும் ஒரு சம்பளம் போடச் சொல்லுங்க" என்று சிரிப்பாள். நான் எதிரே நின்றால் அவளுக்குக் கை பதறும். அதனால் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று எண்ணுவேன். முதலில் முப்பது எண்ணினாலும் திறக்காது. இடுப்பை மூன்று மில்லி ஒடுக்கினேன். மூடியில் பிடிப்புக்கு இருந்த நேர்வரியை எடுத்துவிட்டுச் சாய்வரி போட்டேன். இருபதுக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு புது டாக்டர் வந்து சேர்ந்தார். மஞ்சளாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினம் ஒன்று. இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. அவள் பொத்தான் போட்டாள், தலையைத் தானே பின்னிக்கொண்டாள். மகளுக்கு அப்போது நாலாம் மாதம். "குழந்தைய நர்ஸ் கையிலேருந்து நான்தாங்க முதல்ல வாங்குவேன்" என்பாள். மூன்று கிலோ சோப்புத்தூள் பாக்கெட்டைத் துண்டில் சுற்றி, தலைப்பக்கம் எது கால்பக்கம் எது என்று பேசிக்கொண்டு, அறைக்குள் ஏந்தி நடந்து பழகினாள். எனக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் டப்பாவை நாலு எண்ணுவதற்குள் திறந்தாள். சந்தேகம் வந்து டிசைன் அம்மாளின் டப்பாவைக் கொடுத்தேன். அதையும் திறந்துவிட்டாள்.

நல்ல கையில் கொடுத்தால் எல்லாம் நல்ல டப்பாதான். உரைகல் வழுவழுப்பாகிவிட்டால் தங்கத்தை எதில் உரைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

மருந்துக்கடையில் சுண்ணாம்புச்சத்து மாத்திரை மஞ்சளிலேயே இருந்தது. அளவும் கிட்டத்தட்ட அதே அளவு. பிரித்துக் கொடுப்பது என் வேலை என்பதால் மாற்றிக் கொடுப்பதில் சிரமம் ஒன்றும் இல்லை. கை தேறியதும் அவள், "நானே எடுத்துக்கறேன், குடுங்க" என்று கேட்டாள். "இத்தன நாள் குடுத்தவன் இனியும் குடுக்கறேன், சும்மா இரு" என்றேன். அவள் அதற்குச் சந்தோஷப்பட்டாள். ஒரு மாதம்தான் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் தம்ளரைக் கீழே போட்டாள். "ஏங்க, மாத்திரைய மாத்திட்டாங்களா?" என்றாள். "அதேதான். முழுங்கு" என்றேன். டாக்டரிடம் கூட்டிப்போனேன். கூட்டிப்போகவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் யோசித்துவிட்டு, தினம் இரண்டாகப் போடச் சொன்னார். இரண்டையும் நான்தான் பிரித்தேன்.

கை பழையபடி ஆனது. வேலையும் ஒழுங்காக நடந்தது. பதினைந்து, பன்னிரண்டு, கடைசியில் ஏழு. ஏழு எண்ணுவதற்குள் டப்பா திறக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மூடி தனியே மேசைமேல் இருக்கிறது, அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த அளவுக்கே அச்சு வெட்டினேன். முதலாளி எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டினார். டிசைன் அம்மாள்கூட, "ஜெயிச்சுட்டீங்க பெரியவரே" என்றாள்.

அது நாலாவது மாதம். அதற்கப்புறம் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். அடுத்து ஒரு கிலோ டப்பா கேட்டார்கள், அதற்கும் கை வேண்டும். அது முடிந்ததும் வேறு யாராவது கேட்பார்கள் என்றிருந்தது. யாரும் கேட்கவில்லை. ஆனாலும் தயாராக இருப்பது நல்லதுதானே. மொத்தம் பதினோரு மாதம். நல்ல மாத்திரையை நான் குப்பையில் போடவில்லை. வேலை முடிந்ததும் கொடுத்துக்கொள்ளலாம் என்று தினமும் எடுத்து ஒரே காப்பித்தூள் டப்பாவில் போட்டு அலமாரி மேல்தட்டில் வைத்தேன். கெடுக்க நினைக்கிறவன் சேர்த்து வைப்பானா?

வலது கை விரல் நாலும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டன. இனி நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நடுவில் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கொண்டுவந்து, "பாட்டி யாரு, வாங்கிக்குங்க" என்று நீட்டினாள். என் பெண்சாதி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். "நீங்க வாங்குங்க" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு கிலோ தொள்ளாயிரம். பெண் குழந்தை, நல்ல நிறை.

ஆறு மாதம் கழித்து மகள் வந்திருந்தாள். அம்மாவிடம் கொடுக்க முடியாததால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே காப்பி போடப் போனாள். கீழ்த்தட்டு டப்பாவில் தூள் இல்லை, மேல்தட்டில் இருந்ததை எடுத்தாள். நான் செய்த டப்பா அது, ஒரே கையால் திறந்துவிட்டாள். அதையும் எழுதுங்கள்.

உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதெல்லாம் என்ன?" என்றாள். எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. சொன்னேன். அவள் கத்தவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

என் பெண்சாதி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"அந்த டப்பா எனக்குத் திறக்கவே இல்லைங்க."

"ஏழுல திறந்தியே. நான் எண்ணினேன்."

"நீங்க சன்னலப் பாத்து எண்ணிட்டிருந்தீங்க. நான் முழங்காலுக்கு நடுவுல வச்சு, மூடியப் பல்லால கடிச்சுத் திருகினேன்."

"ஏன்டி?"

"திறக்கலன்னா உங்க மூஞ்சி செத்துப்போயிடும். அதப் பாக்க எனக்கு மனசு வரல."

வயிற்றெரிச்சலில் எதையோ சொல்கிறாள். எனக்குத் தெரியாதா? சந்தையில் இத்தனை லட்சம் டப்பா போயிருக்கிறது. திறக்கவில்லை என்று யாராவது வந்து சொன்னார்களா? சொன்னாலும், இப்போதிருக்கிற ஜனம் எதைத்தான் குறை சொல்லாமல் இருக்கிறது?

மாத்திரையை நிறுத்தியவன் நான்தான். தெரிந்துதான் செய்தேன். அந்தக் கை இனி ஆகாது என்றால் அதற்கும் நான்தான் பொறுப்பு. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் டப்பா திறந்தது.

உங்கள் போலீஸ்காரர் எங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாம்பிள் மூடியை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். ஓரத்தில் வரிசையாகத் தடம் இருக்கிறது, பாருங்கள் என்கிறீர்கள். அது இடுக்கியால் பிடித்த தடமாக இருக்கும். நாற்பத்தோரு வருஷம் அச்சு வெட்டியவன் நான். எந்தத் தடம் எதனால் விழும் என்று தொட்டாலே சொல்லிவிடுவேன்.

வேண்டாம், அதை என் பக்கம் தள்ளாதீர்கள். நான் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. எந்த வழியாகப் போக வேண்டும், சொல்லுங்கள். நான் வருகிறேன்.