புதுச் சுருள்

இன்ஸ்பெக்டர் ஐயா, முதலில் அந்தக் காபியைக் குடியுங்கள். ஆறினால் ஏடு படிந்துவிடும். இந்த டேப் பெட்டியை ஓட்டிக்காட்டத்தான் கூப்பிட்டீர்கள், தெரியும். அதற்கு முன் கொஞ்சம் பேச வேண்டும்.

என் பெயர் மரியபுஷ்பம். பகலில் வேலைக்குப் போகிறவர்கள் படிக்கும் மாலைக் கல்லூரியில் இருக்கிறேன். சுதந்திரம் வந்தபின் மைசூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்படிச் சில கல்லூரிகள் திறந்தார்கள். போன வருஷம் எல்லாவற்றுக்கும் பொதுவாக இந்த டேப் ரெக்கார்டர் வந்தது. இலக்கியமும் சரித்திரமும் நடத்துகிறவர்களுக்கு இதைப் பழக்கிவிடுவது என் வேலை. வாத்தியார்கள் பாம்புப் பெட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். எனக்குப் பொறுமை உண்டு.

முதலில் ஒத்துக்கொண்டவர் தமிழ் நடத்திய ஸ்டானிஸ்லாஸ் சார்தான். இறந்துபோன மன்னனை நினைத்துப் புலவன் அழும் பழம்பாட்டு ஒன்றை வாசித்து விளக்கினார். வாசிக்கும்போதே குரல் உடைந்தது. முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "போதுமா, புஷ்பம்?" என்றார். அதுவும் பதிவாகிவிட்டது.

அந்த டேப் சுருளை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியோடு நஞ்சன்கூட்டுக் கல்லூரிக்கும் குண்டலுபேட்டைக் கல்லூரிக்கும் பஸ்ஸில் போனேன். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எங்களிடம் இருந்தது அந்த ஒரே சுருள். அதன்மேல் வேறு பேசினால் பழையது போய்விடும்.

ஆயுத பூஜையன்று பியூன் கெம்பையன் பெட்டிக்குக் குங்குமம் வைத்து, சாமந்திச் சரமும் சாத்தினான். கொள்ளேகால் பக்கத்து ஆள். அதற்குப் பிறகு யாரையும் செருப்புக் காலோடு தொட விடவில்லை.

"ஏனுங்க சார், பூசை போட்ட சாமானுங்க. பூட்ஸைக் கழட்டிப் போட்டுட்டு வாங்க."

"கெம்பையா, நான் சர்ச்சுக்கே பூட்ஸோட போறவன்."

"சேசு சாமி பொறுத்துக்குவாருங்க. கரண்டு பொறுக்குமுங்களா?"

சார் சிரித்துக்கொண்டே கழற்றினார். அதன்பின் ஒவ்வொரு முறையும் கழற்றினார், அவன் மனம் நோகக்கூடாதென்று. நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒருநாள் என்னிடம் வந்தார். "டீச்சர், அந்தப் பாடத்தை வியாழக்கிழமை புதுசாப் பேசிடலாம். நஞ்சன்கூட்டுப் பசங்க 'போதுமா புஷ்பம்'னு ஒருத்தனை ஒருத்தன் கேட்டுச் சிரிக்கிறானுங்களாம். ரோசலின் காதுல விழுந்துச்சுன்னா வீட்ல எனக்குச் சோறு கிடையாது."

ரோசலின் அவர் மனைவி. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். சுருள் இருக்கும் பீரோவின் சாவி யாரிடம் என்று கெம்பையனைக் கேட்டார். ஏன் கேட்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட நிற்காமல் பெங்களூர் போனார். திரும்பும்போது கக்கத்தில் தட்டையாக ஒரு பொட்டலம். "என்ன சார் அது?" என்றேன். "வியாழக்கிழமை பாருங்களேன்" என்றார். காந்தம் பட்டால் சுருள் ஊமையாகிவிடும் என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் படித்திருக்கிறேன். காந்தம் என்றே முடிவு செய்தேன்.

சுருளை ஒளித்து வைத்திருக்கலாமே என்பீர்கள். ஆனால் குரல் அவருடையது. அவர் கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும்? கேட்க ஆள் இல்லாவிட்டால்தான் அது பத்திரம்.

வியாழக்கிழமை பழைய சுருளைக் கழற்றிப் பீரோவில் பூட்டினேன். பெட்டியின் பின்மூடியைத் திறந்து ஒரு கம்பியை இடம் மாற்றினேன். சார் பதியப் போகிறார், தரையை நன்றாகக் கழுவிவிடு என்று கெம்பையனிடம் சொன்னேன். கழுவினான். ஈரம் காயுமுன் சார் வந்தார். பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். பூட்ஸைக் கழற்றினார். பிறகு பெட்டியைத் தொட்டார்.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. ஆட்கள் வருமுன் மின்சாரத்தை நிறுத்திக் கம்பியைப் பழையபடி வைத்தேன். இல்லாவிட்டால் கெம்பையன் தொட்டிருப்பான், பாவம்.

நீங்கள் அவனைத்தான் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். தரையைக் கழுவியவன் அவன். பூட்ஸைக் கழற்றச் சொன்னவனும் அவன். அப்போது நான் பேசவில்லை. என் முன்னால்தான் பொட்டலத்தைப் பிரித்தீர்கள். உள்ளே புதுச் சுருள். பழையதை அழிக்காமல் வைத்துக்கொள்ளத்தான் பெங்களூர் வரை போயிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாத்தியார்கள் முக்கியமானதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள்; அதற்குள் மணி அடித்துவிடும்.

சாட்சிப் பொருளாக, பீரோவில் பூட்டியிருந்த பழைய சுருள் உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். திரும்பி வரும் என்று காத்திருந்தேன். இன்று காலை ஆளனுப்பி, "டீச்சர், கெம்பையன் வாக்குமூலத்தை இதுலயே பிடிச்சுக் குடுங்க" என்கிறீர்கள். வந்து பார்த்தால் பெட்டியில் பழைய சுருளை மாட்டி வைத்திருக்கிறீர்கள்.

அதனால் சொல்கிறேன். செய்தது நான்தான். கெம்பையனை விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம். பழைய சுருளை மட்டும் நானே கழற்றித் தருகிறேன், நீங்கள் தொட வேண்டாம். நான் பேசுவதைப் புதுச் சுருளில் பிடியுங்கள். பழையது மாணவர்களுக்கு வேண்டும், ஐயா, எல்லாம் அவர்களுக்காகத்தான். கடைசியில் வரும் அந்த இரண்டு சொற்களை மட்டும் அவர்களுக்குப் போட வேண்டாம். அது பாடத்தில் சேர்ந்ததில்லை.