கதவுல மாட்டின கோட்டு

...பணம் போடறவங்களுக்கு நம்பிக்கை போயிடுச்சாம் சார், நம்பிக்கை! அது என்ன கைக்குட்டையா, பாக்கெட்லேர்ந்து நழுவி விழறதுக்கு? இந்தாங்க உங்க கோட்டு. காலர்ல இருந்த கறை போயிடுச்சு. டிப்ஸெல்லாம் அப்புறம், முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க இந்த நாட்டுல பணம் போடலாமா வேணாமான்னு பாக்க வந்தவரு, அதான் சொல்றேன்.

போன வருஷமும் இந்த ஓட்டல்ல இந்த மாடி பூரா உங்களை மாதிரி வெளிநாட்டுப் பணக்கம்பெனி ஆளுங்கதான், ரூமுக்கு ஒருத்தரு. ஊருக்கு வெளியில டைல்ஸ் ஃபேக்டரி பாதி எழும்பியாச்சு. என் பொண்ணைக் கட்டிக்கப் போற பையனுக்கு அங்க சூப்பர்வைசர் வேலை. யூனிஃபார்ம் கூட குடுத்துட்டாங்க. ஒரு நாள் காலையில பாத்தா... இந்த மாடியில ஈ காக்கா இல்ல சார்! அத்தனை பேரும் பெட்டியைக் கட்டிட்டாங்க. அவங்க பின்னாடியே பணமும் போச்சு. நம்ம காசு மதிப்பு தொபுக்கடீர்னு விழுந்துச்சு, சோப்புத்தூள் கூட யானை விலை. ஃபேக்டரி கூரையில்லாம நிக்குது, உள்ள ஆடு மேயுது. மாப்ள யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு ஆட்டை மேற்பார்வை பாக்குறான்!

ஏன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. டிவியில ஒருத்தரு, எங்கேயோ பெரிய நாட்டுல வட்டி ஏத்திட்டாங்கன்னாரு. ஏன் சார், அவன் வட்டி ஏத்தினா என் சம்பந்தி எதுக்கு, பையனுக்கு வேலையில்லாம கல்யாணம் வேணாம்னு மூஞ்சியைத் திருப்பிக்கணும்? மந்திரி சதிங்கறாரு. எங்க மேனேஜர், காபி ஆறிப் போனதுதான் காரணம்னு சமையக்காரரையே மாத்திட்டாரு. என் பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்த துணியை எடுத்து எடுத்து மடிச்சு வைக்கிறா சார்.

அவங்க கிளம்பின ராத்திரி நான் இங்க இருந்திருந்தா ஒருத்தரையும் விட்டிருக்க மாட்டேன். கல்யாணத் தேதி பேச சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்கன்னு சாயங்காலம் சீக்கிரமே கிளம்பிட்டேன். அதுக்காக வேலையில குறை வெச்சேனா? பேச்சுக்கே இடமில்ல! இந்த ஓட்டல் வழக்கம் உங்களுக்கே தெரியும்... துவைச்ச கோட்டைக் கையில குடுப்போம். மறுநாள் ஊருக்குக் கிளம்பறவங்க கோட்டை மட்டும் உறை போட்டு வெளியில கதவுல மாட்டுவோம். ஒவ்வொருத்தர் கையிலயும் குடுக்க அன்னைக்கு எனக்கேது நேரம்? எல்லாத்தையும் ஒரே மூச்சுல தேய்ச்சு, உறை போட்டு, அந்தந்தக் கதவுல மாட்டிட்டு ஓடிட்டேன். எவனாவது பாராட்டினானா? தரை துடைக்கிற அம்மா சொன்னாங்க, ஒருத்தரு கதவைத் திறந்தாராம், எதிர்க் கதவைப் பாத்தாராம், பக்கத்துக் கதவைப் பாத்தாராம், படார்னு சாத்திக்கிட்டு போனை எடுத்தாராம். அப்புறம் அடுத்த ரூம். நல்ல இஸ்திரியைப் பாத்து யாராவது மிரளுவாங்களா சார்?

சரி விடுங்க. இப்ப நீங்கள்லாம் வந்துட்டீங்க. கூரை போடப் போறாங்களாம், ஆட்டையும் விரட்டியாச்சு. சம்பந்தி இன்னைக்கு சாயங்காலம் மறுபடி தேதி பேச வர்றாரு. அதான் இன்னைக்கும் வேலையைச் சீக்கிரமே முடிச்சு... உங்களோடது மட்டும்தான் கறையால லேட்டு. மத்ததெல்லாம் அந்தந்தக் கதவுல...

என்ன சார் எட்டிப் பாக்குறீங்க? ஆமா, எல்லாம் நான் மாட்டினதுதான்... ஏன் சார் பெட்டியை எடுக்குறீங்க? எதிர் ரூம்காரரு எதுக்குக் கதவைப் படார்னு...

அட கடவுளே. அப்ப அன்னைக்கும்... நானா? நானேதானா?

சார், சார், யாரும் ஊருக்குப் போகல சார், அவசரத்துல நான்தான் எல்லாக் கோட்டையும் கதவுல மாட்டிட்டேன்! உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சும் ஏன் சார் ஓடறீங்க?... மத்தவங்களுக்குத் தெரியாதா? அவங்க ஓடறதுக்கு முன்னாடி நீங்க ஓடணுமா? இது என்ன சார் நியாயம்! லிஃப்ட் பட்டனை அழுத்தாதீங்க... என் பொண்ணு கல்யாணம் சார்! அந்தக் கோட்டைக் குடுங்க... கறை இன்னும் இருக்கு சார், கையோட மறுபடி கசக்கித் தர்றேன்!