தையற்கடை ஏசுவடியான் தட்டிய பதினோரு கடைகள்

கடைவீதி வியாபாரிகள் சங்கத் தலைவரும், இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருப்பவருமான உயர்திரு கோட்டைச்சாமி அவர்களே! ஜெபம் செய்து கூட்டத்தைத் தொடங்கி வைத்த போதகர் ஐயா அவர்களே! முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் சப்-இன்ஸ்பெக்டர் அவர்களே! கணவரைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கும் சகோதரி ரூத் அவர்களே! அருப்புக்கோட்டைக் கடைவீதிப் பெருமக்களே! திருச்சுழிப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் கயிற்றுக்கடை சங்கரபாண்டியனின் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் முடிக்கிற ஆளா நான்? மணி பதினொன்றே முக்கால் ஆகிறது. பன்னிரண்டு அடிப்பதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று பலருக்கும் கால் பரபரக்கிறது. அது ஏன் என்றும் எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்து உட்காருங்கள்.

யார் இந்த ஏசுவடியான்? பெரிய பதவிக்காரரா? இல்லை. கட்சித் தலைவரா? இல்லை. ஒரு தையல் மிஷின், ஒரு கத்தரிக்கோல், கழுத்தில் ஓர் அளவு டேப்பு. அவ்வளவுதான் அவர் சொத்து. ஆனால் இவ்வளவு பெரிய கடைவீதியில் இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான்!

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் வீதியில் கடைகளுக்குக் கதவு கிடையாது; வரிசையாகச் செருகி நிறுத்துகிற பலகைதான். மேற்கே யாராவது கத்தியை உருவினால் அங்கிருக்கும் கடைக்காரர் பலகையைச் செருகுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுத்த கடைக்காரர் செருகுவார். வெற்றிலை மென்று முடிப்பதற்குள் வீதி முழுவதும் அடைந்துவிடும். பிறகு போலீஸ் வந்து கேட்டால், “பலகை போட்டிருந்தோமுங்க, ஒண்ணையும் பாக்கலை” என்போம். அது பொய் ஆகாது என்று நமக்கு நாமே தீர்ப்பும் எழுதிக்கொண்டோம். ஏசுவடியான் ஒரு நாளும் பலகை போட்டதில்லை. வெட்டு விழுந்தாலும் குத்து விழுந்தாலும் அவர் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், அவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

யுத்தம் முடிந்து வருடம் ஒன்றாகியும் நூலுக்குக் கட்டுப்பாடு போகவில்லை. ரேஷன் கார்டுக்கு வாங்கிய நூலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு நெசவாளியை நான்கு பேர் பட்டப்பகலில் அடித்துப் போட்டுவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அந்த நூல் கள்ளமார்க்கெட்டுக்குப் போனது. யார் சாட்சி? தையற்காரர்தான். கோர்ட்டில் வக்கீல் மடக்கினார்: “ஊசியைப் பார்த்துத் தைத்துக்கொண்டிருந்த நீர் தெருவை எப்படி ஐயா பார்த்தீர்?” ஏசுவடியான் நிதானமாகச் சொன்னார்: “இருவது வருசமா தைக்கிறேனுங்க. தைக்கக் கையும் காலும் போதும். கண்ணு சும்மாதேன் இருக்கு.” கோர்ட்டே சிரித்தது. நான்கு பேரும் ஜெயிலுக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலம் நான் அவரைத் திட்டினேன். “ஏன்யா டெய்லரே, பிள்ளைகுட்டிக்காரன் நீ, உனக்கு எதுக்குய்யா ஊர் வம்பு?” என்றேன். அவர் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்: “நாஞ் சொல்லலேன்னா அவுக வீட்டுல தறி நின்னுரும் அண்ணாச்சி. தறி நின்னா அடுப்பு நின்னுரும். இதுல வம்பு எங்கிட்டு இருக்கு?” எனக்குக் கோபம்தான் வந்தது.

இருபத்திரண்டு நாளைக்கு முன்பு, வைகாசி மாதச் செவ்வாய்க்கிழமை, உச்சிப்பொழுது. மேற்கேயிருந்து பலகைச் சத்தம் வந்தது. நானும் போட்டேன். ஆமாம் ஐயா, நானும்தான் போட்டேன்! பெரிய யோக்கியன் மாதிரி மேடையில் நின்று பேசுகிறேனே, என் கையால்தான் கடைசிப் பலகையையும் செருகினேன்.

வயிற்றில் கத்தி வாங்கிய மனிதர் விழவில்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தெருவில் ஒரு நாய் இல்லை, ஒரு காக்கை இல்லை. முதல் கடைப் பலகையில் கை வைத்து மூன்று முறை தட்டினார். திறக்கவில்லை. அடுத்த கடைக்கு வந்து மூன்று முறை தட்டினார். அங்கேயும் திறக்கவில்லை. மிளகாய்க் கடை, எண்ணெய்க் கடை, பாத்திரக் கடை என்று பதினோரு கடை! ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் ஒரு மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினோராவது கடை என்னுடையது. அதற்கப்பால் கடை இல்லை.

கீழ்ப்பக்கம் லோடு இறக்கிவிட்டு வந்த வண்டிக்காரர் ரத்தினம்தான் ஓடிவந்து அவரை மடியில் எடுத்து வைத்தார். அவர் மடியிலேயே உயிர் போயிற்று. பிறகு என்ன நடந்தது? ரத்தினத்தைப் பிடித்து உள்ளே போட்டார்கள். சட்டையில் ரத்தம் இருந்ததல்லவா? சட்டையில் ரத்தம் இருந்தவர் கொலைகாரர். பலகையில் ரத்தம் இருந்த நாம் பதினோரு பேரும் வியாபாரிகள்! திங்கட்கிழமை அவரை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் அவருக்குத் தூக்குதான். அதோ, பந்தலுக்கு வெளியே வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, அவர் மனைவி ஒச்சம்மாள், அந்தத் தாயின் முகத்தை ஒரு தடவை பாருங்கள்.

மறுநாள் விடிந்ததும் வீதியில் என்ன கூத்து! பொங்கலுக்குக்கூடச் சுண்ணாம்பு காட்டாத கஞ்சப் பயல்கள் நாம், பதினோரு கடைக்கும் நீலச் சாயம் அடித்தோம். சாயம் காய்ந்தது. ஆனால் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஏன் காயவில்லை? என் கடைப் பலகையில் இன்றைக்கும் அந்த இடத்தில் விரல் வைத்தால் ஒட்டுகிறது. உங்கள் கடையில் ஒட்டவில்லையா? எண்ணெய்க் கடை அண்ணாச்சி மூன்று தடவை மேலே மேலே பூசினாரே, எதற்கு? மத்தியானம் ஆனால் மிளகாய்க் கடைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுகிறாரே, எதற்கு? யாரைக் கேட்டாலும், “வெயிலு ஜாஸ்தி அண்ணாச்சி” என்கிறீர்கள். இந்தக் கரிசல் காட்டில் பிறந்தவனுக்கு வெயில் என்ன புதுசா?

இதோ, மாதா கோவில் மணி அடிக்கிறது. பன்னிரண்டு.

ஏன் எல்லோரும் மேற்கே திரும்பினீர்கள்? நான் ஒன்றும் சொல்லவில்லையே! துக்கத்துக்காகக் கடைகளை எல்லாம் அடைத்துவிட்டுத்தானே வந்தோம்? உள்ளே ஆளில்லை, வெளியே ஆளில்லை. பிறகு அது என்ன சத்தம்? மூன்று தட்டு... அடுத்த கடை... மூன்று தட்டு. போதகர் ஐயா, நீங்கள்கூடத் திரும்பினீர்கள்! பயப்படாதீர்கள் ஐயா. எனக்கும் முதல் நாள் வேட்டி நனைந்துவிட்டது.

தலைவர் அவர்களே, நீங்கள் மட்டும் ஏன் திரும்பவில்லை? உங்களுக்குக் கேட்கவில்லையா? உங்களுக்கு எப்படிக் கேட்கும்? பலகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர்களுக்குத்தானே அது கேட்கும்! அன்றைக்கு நீங்கள் பலகைக்குப் பின்னால் இல்லை. தெருவில் நின்றீர்கள்.

உட்காருங்கள் கோட்டைச்சாமி அவர்களே. பந்தல் உங்கள் செலவு, மலர்வளையம் உங்கள் செலவு, எல்லாம் தெரியும். ஜெயிலுக்குப் போன அந்த நான்கு பேரும் உங்கள் ஆட்கள் என்பதும் ஊருக்கே தெரியும். ஏலே, யாரும் மேடைக்கு ஏறாதீங்க! சப்-இன்ஸ்பெக்டர் ஐயா, நோட்டை எடுங்கள்.

பெரியோர்களே! மறைந்தவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் சொன்னார்கள். என்ன பணி? சட்டை தைப்பதா? அவர் செய்த பணி சாட்சி சொல்வது. அந்தப் பணியை இன்றைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு உயிர் மேல் ஆசை இல்லையா? நிறைய இருக்கிறது. காலையில் புறப்படும்போது என் மனைவி சௌந்தரத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. “போறேன்னு சொல்லாதீக, போயிட்டு வாரேன்னு சொல்லுங்க” என்றாள். சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். சங்கரபாண்டியன், வயது ஐம்பத்திரண்டு, கயிற்று வியாபாரம். பலகை இடுக்கு வழியாக நான் கண்ணால் கண்டது: எதிர்வரிசையில் இருக்கும் தையற்கடை வாசலில் ஏசுவடியானைச் சூரிக்கத்தியால் குத்தியவர் இந்தக் கோட்டைச்சாமி. ரத்தினம் அப்போது அந்த இடத்திலேயே இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. சகோதரி ரூத், இதை உங்களிடம் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. பத்துக் கடையிலும், “கொஞ்சம் தெறங்க, தெறங்க” என்று கேட்டுக்கொண்டு வந்த மனிதர், என் கடையில் அப்படிக் கேட்கவில்லை. பலகையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “அண்ணாச்சி, உள்ள இருக்கீகன்னு தெரியும். நீங்க தெறக்க வேணாம். பாத்தீகள்ல? சொல்லுங்க, பாத்தீகள்ல?”

நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதிலுக்காக அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகுதான் சரிந்து விழுந்தார்.

பாத்தேன் தம்பி. நல்லாப் பாத்தேன்.